பதினான்கு பேர் புறப்பட்டோம்

"புக்கிட் மெர்தாஜாமுக்கு மிதிவண்டியில் போகப்போகிறோம்" என்று சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா, பஸ் ஓடலையா?" என்பதுதான்.

அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. புனித அன்னாள் திருநாளுக்கு ஒவ்வோர் ஆண்டும் எங்கள் பங்கு ஆலயத்திலிருந்து பேருந்து போகும். இரவில் ஏறிக் கண்ணயர்ந்தால் விடிவதற்குள் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அதை விட்டுவிட்டுக் கிள்ளானிலிருந்து ஏறத்தாழ 360 கிலோமீட்டரை நான்கு நாள் மிதித்துக் கடப்பது என்றால், பெற்ற தாய்க்கு அது பக்தியாகத் தெரியாது, கிறுக்குத்தனமாகத்தான் தெரியும்.

இந்த இதழைப் படிக்கும் நண்பர்களில் பலருக்கு அந்த ஆலயம் அறிமுகமாகியிருக்காது என்பதால் ஓரிரு வரிகள் சொல்லிவிடுகிறேன். அன்னாள், மரியாளின் தாய். இயேசுவுக்குப் பாட்டி முறை. திருநாள் ஜூலை 26. குன்றின் அடிவாரத்தில் 1888இல் கட்டப்பட்ட பழைய ஆலயம் இன்றும் இருக்கிறது. பெரிய புதிய ஆலயம் 2002இல் எழுந்தது. 2019இல் அதற்குப் பசிலிக்கா என்ற தகுதியும் கிடைத்தது. திருநாள் வாரத்தில் தமிழர், சீனர் என்ற பேதமில்லாமல் மக்கள் மெழுகுவத்தியோடு வந்து நிற்பார்கள். அவர்களில் கிறிஸ்தவர் அல்லாதோரும் ஏராளம். என் அறைத்தோழனின் பாட்டி அவர்களில் ஒருவர். நெற்றி நிறைய திருநீறு பூசியவர். ஆண்டு தவறாமல் அன்னாளுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர். அந்தப் பாட்டியின் பேரன் என்ற தகுதியில்தான் என் அறைத்தோழனும் எங்கள் பயணத்தில் சேர்ந்துகொண்டான். அவன் அப்பா மிதிவண்டிக் கடை வைத்திருந்தவர். ஆகவே, வழியில் பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் எங்களுக்கு ஆள் கிடைத்தது.

2023ஆம் ஆண்டு ஜூலை 22, சனிக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. இளைஞர் குழுவிலிருந்தும் வெளியிலிருந்துமாகப் பதினான்கு பேர் புறப்பட்டோம். பொருள்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் முன்னால் போயிற்று. இரவல் வாங்கிய வண்டி, அண்ணனிடம் கெஞ்சி வாங்கிய வண்டி, கூடை வைத்த வண்டி என்று எங்கள் அணிவகுப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். எங்களுள் இளையவனுக்கு வயது பதினேழு. தன் அம்மாவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்த நேரம் அது. அம்மாவுக்காக ஏற்றுவதற்கு ஒரு நீள மெழுகுவத்தியைத் துணியில் சுற்றித் தன் பையில் வைத்திருந்தான். அதை வேனில் வைக்கச் சொன்னோம். "இல்லண்ணே, நானே கொண்டுபோறேன்" என்றான்.

விசுவாச அனுபவங்களைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டால், முதல் நாளிலேயே எழுதுவதற்கு நிறைய கிடைத்தது. கோலசிலாங்கூரைத் தாண்டியதும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தஞ்சோங் காராங்குக்கு முன்பாக மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஒட்டுக்கடையில் ஒதுங்கிச் செபமாலை சொல்லத் தொடங்கினோம். மூன்றாவது பத்து முடிவதற்குள் மழை விட்டது. "பாத்தீங்களா! ஆண்டவரே மழையை நிறுத்திட்டார்" என்று ஒரு தங்கை கைதட்டினாள். எல்லாரும் தட்டினோம். நானும் தட்டினேன். கடைக்கார மலாய் அம்மா எங்களுக்குத் தே ஓ கலக்கிக்கொண்டே வானத்தை அண்ணாந்து பார்த்தார். "இரண்டு வாரமாக மழையே இல்லை. என் கீரைப் பாத்திக்கு இன்னும் கொஞ்ச நேரம் பெய்திருக்கலாம்" என்றார். புகாராகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். காசு கொடுத்தபோது பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். "இவ்வளவு தூரம் சாமி கும்பிடவா போகிறீர்கள்? எனக்காகவும் கேளுங்கள்" என்றார். எங்களுக்காக நின்றதென்று நாங்கள் கைதட்டிய மழை, அவருக்கு வேண்டியிருந்த மழை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அன்று இரவு தங்கியது சபாக் பெர்ணாமுக்கு அருகில் ஒரு மாரியம்மன் கோயில் மண்டபத்தில். அறைத்தோழனின் மாமா சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். கோயில் வளாகத்தில் செபமாலை சொல்வது முறையாகுமா என்று தயங்கி, வெளியே சாலையோரத்தில் நின்று சொன்னோம். கோயில் தலைவர் பார்த்துவிட்டு வந்தார். "என்ன தம்பி, கொசுக்கடியில நின்னு சாமி கும்பிடறீங்க? உள்ள வந்து கும்பிடுங்க. ஆத்தா ஒன்னும் நெனைச்சுக்க மாட்டா" என்று சொல்லி மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை பசியாற இட்டிலியும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தெலுக் இந்தானில் திருப்பலி கண்டோம். 1885இல் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரத்தின் முன்னால் படம் எடுத்தோம். பேராக் ஆற்றைக் கடந்து சித்தியவானில் இரவு தங்கினோம். கால் வலி, தோள் வலி, உட்கார முடியாத வலி எல்லாம் இருந்தன. ஆனாலும் ஒருவரும் வேனில் ஏறவில்லை. பத்து மாதம் இளைஞர் கூட்டத்தில் அருகருகே உட்கார்ந்தும் பேசிக்கொள்ளாதவர்கள், ஒரே நாளில் ஒருவர் போத்தலில் மற்றவர் தண்ணீர் குடிக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

மூன்றாம் நாள்தான் நான் எழுத வேண்டிய நாள்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. மிக மெதுவாக மிதிப்பவருக்குப் பின்னால் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அவர் யாரையும் முந்தக் கூடாது. அன்றைக்கு அந்தப் பொறுப்பு என்னுடையது. சித்தியவானிலிருந்து தாமதமாகப் புறப்பட்டோம். பந்தாய் ரெமிஸ் தாண்டி, துரோங் நோக்கிப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. இளையவன்தான் கடைசியில் வந்துகொண்டிருந்தான். முன்னால் போனவர்கள் பாட்டும் சிரிப்புமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கோ ஊர்ந்து வருவது அலுத்துவிட்டது. "நேர்ரோடுதான், பாத்து வா" என்று அவனிடம் சொல்லிவிட்டு அழுத்தி மிதித்து முன்கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அறைத்தோழன் திரும்பிப் பார்த்தான். "தம்பி எங்கடா?" என்றான்.

இருவரும் திரும்பினோம். சாலையோரத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு லோரி ஒட்டினாற்போல் கடந்து போயிருக்கிறது. அந்தக் காற்றில் தடுமாறி, தார்ச்சாலையின் விளிம்பிலிருந்து சரளைக்கல்லில் சக்கரம் இறங்கி விழுந்திருக்கிறான். மீன்பெட்டி கட்டிய மோட்டாரில் வந்த சீனப் பெரியவர் ஒருவர் இறங்கி, தம் மழைச்சட்டையை விரித்து அவனுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை. பெட்டியிலிருந்து பனிக்கட்டி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது.

காரை எலும்பு முறிந்திருந்தது. வேனில் ஏற்றித் தைப்பிங்கில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மாலையில் அவன் அப்பா கிள்ளானிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்தார். எங்களை ஒரு வார்த்தை கடியவில்லை. புறப்படும் முன் தம்பி தன் பையைத் திறந்து மெழுகுவத்தியை என்னிடம் கொடுத்தான். விழுந்ததில் அது இரண்டாக உடைந்திருந்தது. நடுவில் திரி மட்டும் அறுபடாமல் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது. "ஒடஞ்சிருச்சு. பரவால்லையாண்ணே?" என்று கேட்டான்.

நான்காம் நாள் பாகான் செராயில் சூசைப்பாளையத்தில் நின்றோம். பிரெஞ்சு மறைபணியாளர்களின் முயற்சியால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் குடியேறிய இடம் அது. அங்கே ஒரு பாட்டி எங்களுக்குக் கஞ்சி ஊற்றினார். எத்தனை பேர் என்று கேட்டார். "பதினாலு" என்றாள் ஒருத்தி, பழக்கத்தில். பாட்டி பதினான்கு கிண்ணம் வைத்தார். ஒரு கிண்ணம் மிஞ்சியது. பாரிட் புந்தார், நிபோங் திபால் வழியாக அன்று மாலை புக்கிட் மெர்தாஜாம் சேர்ந்தோம். கூட்டத்தில் நின்று, உடைந்த மெழுகுவத்தியை இரண்டு கையாலும் பிடித்து ஏற்றினேன். அம்மாவுக்காக வேண்டச் சொல்லியிருந்தான், வேண்டினேன். எனக்காக மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது அங்கே அல்ல என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

ஆகஸ்டு மாதக் கூட்டத்தில் சாட்சியப் பகிர்வு வைத்தார்கள். என்னைத்தான் முதலில் அழைத்தார்கள். மழை நின்றதைச் சொன்னேன். இட்டிலியைச் சொன்னேன். கால் வலி பறந்ததைச் சொன்னேன். "ஆண்டவர் எங்கள் எல்லாரையும் ஒரு குறையும் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்" என்று முடித்தேன். பலத்த கரவொலி. மூன்றாவது வரிசையில், கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டபடி தம்பி உட்கார்ந்திருந்தான். அவனும் ஒரு கையால் தொடையில் தட்டினான்.

கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது பக்கத்தில் வந்தான். "அண்ணே, எல்லாரையும்னு சொன்னீங்களே... அப்ப என்னைய?" என்று கேட்டான். கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். என்னிடம் பதிலில்லை. அருகிலிருந்த ஒருவர், "உன்னை ஆண்டவர் சோதிச்சாருப்பா. பெரிய ஆளா வருவே" என்று முதுகில் தட்டினார். அடுத்த மாதம் அவன் கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

அந்தக் கேள்வியோடு நெடுநாள் இருந்த பிறகே இதை எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: நாம் சொல்லும் விசுவாச அனுபவங்களில் பெரும்பாலானவை, போய்ச் சேர்ந்தவர்கள் மட்டும் எழுதும் கணக்கு. விழுந்தவனின் பெயர் அந்தக் கணக்கில் வராது. வந்தாலும் "சோதனை" என்ற தலைப்பின் கீழ் வரும்.

அது சோதனையல்ல. அவன் விழுந்தபோது பின்னால் யாரும் இல்லாததற்குக் காரணம் நான். விதியை மீறியவன் நான். அதை ஆண்டவரின் திட்டம் என்று சொன்னால் என் தவற்றை அவர் தலையில் ஏற்றிவைக்கிறேன் என்று பொருள். அவர் ஏற்றுக்கொள்வார், எதிர்த்துப் பேச மாட்டார். அதனால்தான் அது இன்னும் பெரிய தவறு.

"அப்படியானால் கடவுளுக்கு நன்றி சொல்வதே பிழையா?" என்று நண்பர்கள் கேட்கலாம். இல்லை. நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால், எங்கள் வேதாகமமே நன்றியை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 150 திருப்பாடல்களில் அழுகையும் முறையீடும் எவ்வளவோ இருக்கின்றன. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தி லூக்கா நற்செய்தியில் வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று அவரே சொல்கிறார். விழுந்தவனுக்கு ஒரு காரணத்தை ஒட்டிவிடும் பழக்கத்தை அவர் ஏற்கவில்லை. யோபுவின் கதையைப் பாருங்கள். அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் மிகச் சிறந்த காரியம் அதுதான். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் உவமையை ஞாயிறு வகுப்பில் படித்தவன் நான். பதின்மூன்று பேர் போய்ச் சேர்ந்ததைக் கொண்டாடிக்கொண்டு, ஒருவனை விட்டுவிட்டுச் சாட்சி சொன்னவனும் நானே. "தம்பி எங்கடா?" என்று திரும்பிப் பார்த்தவன் என் அறைத்தோழன். அவன் ஞாயிறு வகுப்புக்குப் போனவன் அல்லன்.

இது கிறிஸ்தவர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு நேர்த்திக்கடன் சுமந்துபோகும் நண்பர்களும் திரும்பி வந்து அனுபவம் சொல்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது நம்மில் எத்தனை பேர் "கடவுள் அருள்" என்று சொன்னோம்! சொன்னதில் பிழையில்லை. ஆனால், தமிழ்ப்பள்ளியில் நம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நம்மோடு சேர்ந்து படித்து, கேட்ட இடம் கிடைக்காமல் இன்று எங்கோ வேலைக்குப் போகும் தோழனின் காதில் அது எப்படி விழும்? அருள் எனக்கு வந்தது, உனக்கு வரவில்லை என்றல்லவா விழும்? அவன் தடுமாறிய இடத்தில் யாராவது பின்னால் இருந்தார்களா என்று நாம் கேட்டதுண்டா?

நம் மாணவர் கழகங்களின் ஆண்டறிக்கைகளையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். எந்த நிகழ்ச்சியானாலும் "இனிதே நடந்தேறியது" என்றுதான் எழுதுவோம். பாதியில் விலகிப்போன செயலவை உறுப்பினர் ஏன் விலகினார் என்று எந்த அறிக்கையும் சொல்வதில்லை. கோயிலில் பழகிய பழக்கமா அறிக்கையில் வருகிறது, அறிக்கையில் பழகியதா கோயிலில் வருகிறது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே பழக்கம்தான்.

ஆகவே, நெடும்பயணம் போகும் எந்த இளைஞர் குழுவுக்கும், எந்த மதத்தவராக இருந்தாலும், மூன்று காரியங்களைச் சொல்வேன். முதலாவது, பாதுகாப்பைச் செபத்தின் ஒரு பகுதியாக வையுங்கள். தலைக்கவசம், பின்விளக்கு, வெயிலுக்கு முன் புறப்படுதல், கடைசியில் ஒருவர் வருதல் ஆகியவற்றைச் செய்யாமல் காப்பாற்றும்படி கேட்பது வேண்டுதல் ஆகாது. இரண்டாவது, நன்றி சொல்லும்போது மனிதர்களையும் சொல்லுங்கள். மழைச்சட்டையை விரித்து நின்ற பெரியவரின் மீன் அன்று எவ்வளவு கெட்டதோ? என் முதல் சாட்சியத்தில் அவர் வரவே இல்லை. மூன்றாவது, முழுக் கதையையும் சொல்லுங்கள். பாதிக் கதையில் நிற்கும் விசுவாசம் அடுத்த விபத்தில் உடைந்துவிடும்.

அக்டோபரில் தம்பியின் வீட்டுக்குப் போனேன். நடந்ததை அவன் அப்பா முன்னிலையில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நீங்க முன்னால போனது எனக்குத் தெரியும்ணே. அதுக்கு இல்ல. நான் விழுந்தத ஒருத்தராச்சும் சொல்லியிருந்தா போதும்" என்றான். அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

அவன் அம்மாவின் உடல்நிலை என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கக் கூடும். வேண்டுமென்றேதான் அதை எழுதாமல் விடுகிறேன். நலமடைந்தார் என்றால் அற்புதம் என்று சொல்லத் தோன்றும். இல்லையென்றால் சோதனை என்று சொல்லத் தோன்றும். அந்த வீட்டாருக்கு இரண்டும் வேண்டாம். யாராவது வந்து உட்கார்ந்தால் போதும் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். போய் உட்கார்ந்தோம். இப்போதும் போகிறோம்.

நவம்பர் மாதக் கூட்டத்தில் எழுந்து என் சாட்சியத்தைத் திருத்திச் சொல்ல அனுமதி கேட்டேன். "பதினான்கு பேர் புறப்பட்டோம். பதின்மூன்று பேர் போய்ச் சேர்ந்தோம். ஒருவன் விழுந்தான். அவனுக்குப் பின்னால் வர வேண்டியவன் நான், வரவில்லை. நாங்கள் இல்லாத நேரத்தில் ஒரு சீனப் பெரியவர் அவனுக்கு நிழல் பிடித்தார்" என்றேன். யாரும் கைதட்டவில்லை. மூன்றாவது வரிசையில் தம்பி உட்கார்ந்திருந்தான். அன்று அவனாகவே வந்திருந்தான். நான் உட்கார்ந்த பிறகு ஒருவர் தம் வேலை போனதைச் சொன்னார். ஓர் அக்கா, வேண்டியும் கிடைக்காத ஒன்றைப் பற்றிச் சொன்னார். அதற்குமுன் அந்தக் கூட்டத்தில் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த விசுவாச அனுபவம் எது என்று கேட்டால், அந்த இரவைத்தான் சொல்வேன்.